மொட்டை மாடியில அளவெடுத்த மைக் வயர்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். சுங்குவார்சத்திரத்துல ஒரு காது குத்து, அங்க போய் சவுண்டு செட் கட்டணும். ஒரு ஆம்ப்ளிஃபயர், ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸ், ஒரு மைக். அவ்ளோதான்.

வார நாள்ல நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில ஹார்னஸ் லைன்ல இருக்கேன். காருக்குள்ள ஓடற வயரையெல்லாம் அளவா சேர்த்து, டேப் சுத்தி, பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி, ஒரே கொத்தா கட்டற வேலை. ஏழு வருஷத்துல நான் கட்டினது ஒண்ணு கூட ரிஜெக்ட் ஆனதில்ல. ஆனா என் சொந்த செட்டோட வயரெல்லாம் ஒரு அரிசி மூட்டைக்குள்ள கிடக்கும். வெளிய கொட்டினா இடியாப்பம்.

போன மாசம் என் மச்சினி வளைகாப்பு. நான் சிக்கெடுத்து முடிக்கறதுக்குள்ள அவளுக்கு ரெண்டு கையிலயும் வளையல் அடுக்கி, கலவை சாதமும் போட்டு அனுப்பிட்டாங்க. நான் "ஹலோ, மைக் டெஸ்டிங்"னு சொன்னப்போ, சேர் மடக்கிட்டு இருந்தவர் மட்டும் கை தூக்கிக் காட்டினாரு.

அன்னிக்கே என் பொண்டாட்டி செல்வி தீர்ப்பு சொல்லிட்டா.

"இன்னும் ஒரே ஒரு வாட்டி பாப்பேன். அடுத்த ஃபங்ஷன்லயும் மானத்த வாங்கினீங்கன்னா, வூட்ல ஒரு ரூமையே அடைச்சிகினு கீற அத்தனையும் எடைக்குப் போட்டுடுவேன்."

செய்யறவதான். அந்த செட்டு ஏழு தீபாவளி போனஸ்ல ஒவ்வொண்ணா சேர்த்தது. எனக்குன்னு இருக்கற ஒரே ஆசை அது. அந்த அடுத்த ஃபங்ஷன் யாரோடதுன்னு பாத்தா, எங்க லைன் சூப்பர்வைசர் கோதண்டம் சார் பொண்ணுக்குக் காது குத்து.

அப்பதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. காருக்குக் கட்டறவன், எனக்குக் கட்டிக்க மாட்டேனா?

சனிக்கிழமை ஓ.டி. போகல. வல்லம் வடகால்ல நாங்க குடியிருக்கற வீட்டு மொட்டை மாடியில, சாக்பீஸ்ல ஒரு மேடை வரைஞ்சேன். இந்தப் பக்கம் ஒரு பாக்ஸ், அந்தப் பக்கம் ஒரு பாக்ஸ், நடுவுல மைக், பக்கத்துலயே பிளக் பாயின்ட். முனைக்கு ஒரு செங்கல் வெச்சு அளவெடுத்து, எல்லா வயரையும் ஒரே கொத்தாக்கி, முனையில இருந்து முனை வரைக்கும் டேப் சுத்தினேன். நாலு விரக்கடைக்கு ஒரு டை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் விட்டு வெக்கல, அதுவும் கட்டுக்குள்ளதான்.

செல்வி காஞ்ச துணி எடுக்க மேல வந்தவ, நின்னு பாத்தா.

"இப்பதான் மனுஷன் வூட்டு சாமான் மாதிரி கீது."

கல்யாணமாகி அஞ்சு வருஷத்துல என் செட்டைப் பத்தி அவ சொன்ன முதல் நல்ல வார்த்தை. அன்னிக்கு ரெண்டு தோசை கூடுதலா சாப்பிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில மண்டபத்துக்குப் போனேன். மேனேஜரைக் கேட்டேன். "அண்ணே, மேடைகிட்ட பிளக் பாயின்ட் எங்க?"

"மேடையில கரண்ட் இல்லப்பா. சாப்பாட்டு ஹால் வாசல்ல ஒண்ணு கீது, அதுல போட்டுக்க."

மேடை ஒரு கோடி. சாப்பாட்டு ஹால் இன்னொரு கோடி.

சாதாரண வயரா இருந்தா எட்டற வரைக்கும் இழுத்திருக்கலாம். இது ஹார்னஸ். கிளை எங்க பிரியணும்னு சனிக்கிழமையே முடிவாயிடுச்சு. டேப்பைக் கிழிக்கலாம்னா, கட்டர் கையில இல்ல. ஷிஃப்ட் முடிஞ்சா அதை கம்பெனியில எண்ணி வாங்கி வெச்சிருவாங்க. நகத்தால கீறிப் பாத்தேன். என் வேலை எவ்ளோ உறுதின்னு அப்பதான் தெரிஞ்சது.

கடைசியில ஆம்ப்ளிஃபயர், ரெண்டு பாக்ஸ், மைக், நாலும் சாப்பாட்டு ஹால் வாசல்லயே உக்காந்துச்சு.

அறிவிப்பு செய்யறது கோதண்டம் சாரோட அண்ணன். "இன்னாப்பா குமாரு, மைக்க இங்க வெச்சிக்கினு கீற? மேடை எனக்குத் தெரியவே இல்லியே."

"சவுண்டு இங்கதான் சார் நல்லா பரவும்"னேன். அவரும் நம்பிட்டாரு. நல்ல மனுஷன்.

தாய்மாமன் மடியில குழந்தையை உக்கார வெச்சாங்க. அண்ணன் மைக்கைப் பிடிச்சாரு.

"தாய்மாமன் வீட்டார் அனைவரும் வரவும். உற்றார் உறவினர் அனைவரும் வரவும்."

அவர் கூப்பிட்டது மேடைக்கு. ஆனா நம்ம ஊர்ல, சாப்பாட்டு ஹால் வாசல்ல ஒருத்தர் நின்னு வாங்க வாங்கன்னா, அதுக்கு ஒரே அர்த்தம்தான்.

மொத்த மண்டபமும் எழுந்துச்சு.

அண்ணனையும் தள்ளிக்கிட்டு உள்ள போய், பந்தியில உக்காந்து இலைக்குத் தண்ணி தெளிக்க ஆரம்பிச்சிட்டாங்க. உள்ள இருந்து சமையல்காரர் கத்தறாரு. "யாருய்யா அனுப்பினது? வடை இன்னும் வேவல!"

மேடையில மிச்சம் இருந்தது அஞ்சே பேர். குழந்தை, தாய்மாமன், ஆசாரி, கோதண்டம் சார், அவர் சம்சாரம். வீடியோ எடுக்க வந்தவனைக் கூட காணோம். நான் அங்கியே செத்துட்டேன்.

சமையல்காரர்கிட்ட கத்தி வாங்கிட்டு ஓடி வந்து டேப்பைக் கீறினேன். மைக் வயரை மேடைக்கு இழுத்துடலாம்னு கணக்கு. டேப் கிழிஞ்சது. மைக் வயரும் சேர்ந்து கிழிஞ்சது.

அதே நேரம் ஆசாரி காது குத்திட்டாரு. குழந்தை வீல்னுச்சு. மண்டபத்தோட கடைசி மூலை வரைக்கும் துல்லியமா கேட்டது, மைக்கே தேவைப்படல.

கோதண்டம் சார் இறங்கி வந்தாரு. திட்டுவாருன்னு நின்னேன். அவர் ஹார்னஸைக் கையில எடுத்து, லைன்ல செக் பண்ற மாதிரியே ஒவ்வொரு டையா நெருடிப் பாத்தாரு.

"கட்டு நல்லாதான் கட்டிக்கீற. வண்டிதான் தப்பு."

அப்படியே கீழ வெச்சிட்டு, வந்தவங்களை கவனிக்கப் போயிட்டாரு. திட்டியிருந்தா தேவலாம்.

முதல் பந்தியில இருந்து செல்வி எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருந்தா.

மறுநாள் காலையில பழைய சாமான் கடைக்காரர் வீட்டுக்கே வந்துட்டாரு. பாக்ஸ் ரெண்டையும் வண்டியில ஏத்தினாரு. ஆம்ப்ளிஃபயரை ஏத்தினாரு. கடைசியா அந்த ஹார்னஸை ஒத்தைக் கையில தூக்கி, திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"எத்தினியோ வூட்ல வயர் எடுக்கறேன், எல்லாம் ஒரே சிக்கலா குடுப்பாங்க. இவ்ளோ நீட்டா கட்டிக் குடுத்தது நீங்க ஒருத்தர்தாண்ணே."

ஏழு வருஷ சவுண்டு சர்வீஸ்ல எனக்குக் கிடைச்ச முதல் திருப்தியான கஸ்டமர்.