மிக்சி அடித்த மணி

தருமபுரி மாவட்டத்தில் உட்காரவே தெரியாத ஜீவன்கள் இரண்டுதான். ஒன்று, அரூர் பஸ் கண்டக்டர். இன்னொன்று, ஓயாமல் சுற்றுவதால் நாங்கள் மிக்சி என்று பேர் வைத்த என் ஒன்பதாம் வகுப்புப் பெண். கண்டக்டராவது டிப்போ வந்தால் உட்காருவார்.

நான் பாபரை டெல்லிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள், மிக்சி ஜன்னலைச் சாத்தித் திறந்து, முன்பெஞ்சுக்காரியின் ஜடையைப் பிரித்துப் பின்னி, "டீச்சர், பாபருக்கு ஊர்ல வேற வேலையே இல்லீங்களா?" என்று கேட்டிருப்பாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால், ஆள் வராந்தாவில் நிற்பாள். 'உட்காரு, உட்காரு' என்று கத்தியே என் தொண்டை போயிற்று. வீட்டில் கணவரைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் "உட்காரு!" என்றுதான் வந்தது. பாவம், அவர் உட்கார்ந்தார்.

எங்கள் புலம்பல் தாங்காமல் ஹெச்.எம். சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் வரட்டுங்க, டி.சி. குடுத்துடறேன்."

அவள் அம்மா ஓடிவந்தார். "இங்கயும் வேண்டாம்னுட்டா, பெங்களூர்ல எங்கியாவது வூட்டு வேலைக்குத்தானுங்க அனுப்பணும்."

அந்த வாரம் வந்த சிறப்பாசிரியைதான் எங்களுக்கு விளக்கினார். "இது கொழுப்பு இல்லீங்க டீச்சர், ஏடிஹெச்டி. டாக்டரே பாத்துச் சொல்லிட்டாங்க. உட்கார மாட்டேன்னு அடம் பிடிக்கல, அவளால முடியல. அப்பப்ப எந்திரிச்சுப் போற மாதிரி ஒரு வேலை குடுங்க."

மணியடிக்கும் வேலையைக் கொடுத்தோம். புங்கமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு, அடிக்க ஒரு இரும்புக் கம்பி. பீரியட் முடிந்தால் ஓடலாம் என்றதும் அதுவரை உட்கார்ந்தாள், எழுதவும் செய்தாள். ஒரே சிக்கல், அவளுக்குக் காத்திருக்க வராது. எல்லா மணியும் முன்கூட்டியே அடித்தது. கடைசி மணி ரொம்பவே முன்கூட்டி.

சத்தியமாகச் சொல்கிறேன், எங்களில் ஒருவரும் மூச்சு விடவில்லை. கால் வீக்கத்தோடு நின்று பாடம் நடத்தும் கணக்கு டீச்சர், அவளுக்குக் கடலைமிட்டாய்கூட வாங்கிக் கொடுத்தார்.

ஒருநாள் ஹெச்.எம். பிடித்துவிட்டார். கடைசி மணி அடித்ததுமே ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். பின்னால் கம்பியும் கையுமாக மிக்சி.

"என்னங்க இது? இன்னும் பத்து நிமிஷம் இருக்குதே?"

மிக்சி அசையாமல் நின்றாள். எந்த நாளும் அப்படி நின்றவளில்லை.

"என் வாட்ச்ல டைம் ஆயிடுச்சுங்க சார்" என்றேன்.

"என்னுதுலயுந்தானுங்க" என்றார் கணக்கு டீச்சர். அவர் வாட்ச் கட்டுவதே இல்லை. தமிழ் ஐயா சுவரில் எப்போதோ நின்றுபோன கடிகாரத்தைக் காட்டினார்.

ஹெச்.எம். எங்களையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் வாட்ச்சைக் கழற்றி, முள்ளைப் பத்து நிமிஷம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மிக்சி பத்தாவது பாஸாகி, தருமபுரியில் பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள். எங்களுக்கு எலெக்ட்ரிக் பெல் வந்துவிட்டது, நொடி தவறுவதில்லை. கடைசி பீரியடில் கால் வலிக்கும்போதெல்லாம் என் கண் புங்கமரத்துப் பக்கம் போகிறது. கால் வலிக்காத நாளிலும் போகிறது.