வேலை நேரத்தில் அடித்த பேய்

என் கையெழுத்தைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பேனாவை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தவன் நான். என் எழுத்துகள் காற்றடித்த கருவேலஞ்செடி மாதிரி ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்கும். ரகரமும் றகரமும் எனக்கு அண்ணன் தம்பி. யார் எந்த வீட்டுக்குள் போனாலும் நான் ஏனென்று கேட்பதில்லை. பிழைகளை மன்னித்துக்கொண்டு படியுங்கள்.

கூச்சத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் ஒருவர் என் காலை மிதித்தால், காலை எடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அவர் இறங்கும் ஊர் வரும்வரை பொறுத்திருப்பேன். அப்படிப்பட்டவனுக்குக் காலே உடைந்தால், உடைத்தது யார் என்று எப்படிக் கேட்பான்? நான் கேட்கவில்லை. மற்றவர்கள் பேய் என்றார்கள். சரி என்று தலையாட்டினேன்.

எங்கள் ஊர் திருவாடானைப் பக்கம். மழை பொய்த்த ஒரு வருடம் வயலில் வேலை இல்லாமல், கடற்கரையில் இருந்த ஒரு ஐஸ் கம்பெனிக்குத் தினக்கூலியாகப் போனேன். மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிற சமயம். படகுகள் எல்லாம் ஒரே நாளில் ஐஸ் கேட்கும் என்பதால், இரவு பகலாகப் பார் பாராக உறைய வைத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒரு பார் ஒரு நெல் மூட்டை கனம் இருக்கும்.

அடுக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவு ஒரு சாண் தடிமன். வெளியே கண்ணைக் குத்தும் வெயில். உள்ளே ஒரே ஒரு மஞ்சள் பல்பு. ஒவ்வொரு பாருக்கும் நடுவில் வெள்ளையாக ஏதோ ஒன்று நிற்கும். தண்ணீர் உறையும்போது காற்று சிக்கிக்கொள்வதாம். எனக்கு அது முக்காடு போட்ட ஆளாகத்தான் தெரிந்தது. இருபது பார் அடுக்கினால் இருபது பேர் நின்று என்னைப் பார்ப்பார்கள். நடுநடுவே, யாரோ சொடக்குப் போடுவது போல 'டக்' என்று ஒரு சத்தம் வேறு. அடுக்கு விரிசல் விடுகிற சத்தம் அது என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு, "இந்தா வாரேன்" என்று பதில் சொல்லியிருக்கிறேன். (அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.)

ஒரு நாள் மதியம் இரண்டு மணி. மற்றவர்கள் படகுத்துறைக்குப் போயிருந்தார்கள். என் தலைக்கு மேல் உயர்ந்த அடுக்கின் முன்னால் கொக்கியோடு நின்றேன். 'டக்'.

அதற்குப் பிறகு வெயில்தான் நினைவிருக்கிறது. கதவுக்கு வெளியே சிமெண்டுத் தரையில் கிடந்தேன். இடது கால் முழங்காலுக்குக் கீழே, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. சுற்றிலும் ஆட்கள். ஒருவர் காலைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

"ஏலே, பொணம் கணக்கா சில்லுன்னு இருக்குடா!"

"அப்பக் கடல்ல போனவன் எவனோதான் புடிச்சிருக்கான்" என்றார் இன்னொருவர்.

ஐஸ் கம்பெனியில் ஒருவன் கால் ஏன் சில்லென்று இருக்கிறது என்று அங்கே நின்ற எட்டுப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒன்பதாவது ஆளான எனக்கும்தான்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் காலுக்குள் கம்பி வைத்தார்கள். ஆறு மாதம் காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். வீட்டில் என் மனைவி செல்வி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். நான் படுத்துவிட்டால் அடுப்பும் படுத்துவிடும்.

செல்வியின் அண்ணன் முனியசாமி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வேலைக்கு வழி அல்ல, பேய்க்கு. "மாப்ள, கம்பி எலும்பத்தான் புடிக்கும். உம்மப் புடிச்சிருக்கிறத யாரு எடுக்கிறது?" என்று, குறி சொல்லிப் பேய் விரட்டும் ஒரு கோடாங்கியை அழைத்து வந்தார். செய்தி கேட்டு முதலாளியே ஒரு கிடாயோடு வந்து இறங்கினார். எவ்வளவு தங்கமான மனிதர் என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

கோடாங்கி உடுக்கையை அடித்தார். பட்டப்பகல். அவர் கண் மட்டும் இருட்டில் பார்ப்பது போல விரிந்திருந்தது. சட்டென்று உடுக்கை நின்றது.

"உனக்கு முன்னாடி அங்கன வேல பாத்தவன் ஒருத்தன், இன்னும் வீட்டுக்குப் போகாம உள்ளயே நிக்கிறான்."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. "அதுக்கு என்ன செய்யணும் சாமி?" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

எங்கள் ஊர்க் காளி கோயில் சூலத்தில், வேண்டுதலை எழுதிச் சீட்டாகக் கட்டுவது வழக்கம். "அடிச்ச எடம், நேரம், அடிபட்ட ஆளு எல்லாம் தெளிவா எழுதுங்க. வெவரம் இல்லாட்டி ஆத்தா எங்கன போயித் தேடும்? கம்பெனி சீலும் வேணும்" என்றார் கோடாங்கி.

முதலாளி தன் கையாலேயே எழுதினார். இன்ன தேதி, மதியம் இரண்டு மணிக்கு, நமது கம்பெனி ஐஸ் ரூமில் பார் அடுக்கும் வேலையில் இருந்த கூலியாள் நாகநாதனைப் பேய் அடித்துவிட்டது. ஆத்தா அதைக் கட்டிப்போட வேண்டும். இதற்குக் கம்பெனி பொறுப்பல்ல. கீழே கையெழுத்து, சீல். நானும் கையெழுத்துப் போட்டேன். எலுமிச்சம்பழத்தோடு சூலத்தில் கட்டினார்கள். கிடாயைச் சாப்பிட்டார்கள். எனக்கு எலும்புச் சாறு மட்டும் வந்தது.

அதோடு முதலாளி வருவது நின்றுவிட்டது. செல்வி போன் செய்தால், "அதான் பேய் விவகாரம் முடிஞ்சுபோச்சுல்லம்மா" என்று வைத்துவிடுவார்.

இரண்டு மாதம் போனது. ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும் வரிசையில் பெரியபட்டினத்து அக்கா ஒருவர் செல்வியிடம் பேச்சுக் கொடுத்தார். "கோர்ட்டுப் பக்கம் இலவசமா வக்கீலு குடுப்பாங்கம்மா. போயிக் கேளு. வாயத் தொறந்து கேக்கணும், அதான் சட்டம்." வாயைத் திறப்பது என்றதும் எனக்கு வியர்த்தது. செல்வி என்னைக் கக்கத்தில் கட்டையோடு ஆட்டோவில் ஏற்றி, தானும் கூடவே வந்தாள்.

வக்கீலம்மா என் மகள் என்று சொல்லலாம், அவ்வளவு சின்ன வயது. "எப்படிண்ணே அடிபட்டுச்சு?" என்று கேட்டார்.

"பேய்ங்க" என்றேன் தரையைப் பார்த்து.

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். "எங்க வச்சு அடிச்சுச்சு?"

"ஐஸ் ரூம்லங்க."

"ரூமு யாருது?"

"முதலாளியோடது."

"அங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"

"பார் அடுக்கிக்கிட்டு."

"அப்பப் பேயே அடிச்சிருந்தாலும் முதலாளிதான் பொறுப்பு" என்றார். "வேல செய்யிற எடத்துல, வேல நேரத்துல, அந்த வேலையால அடிபட்டா நஷ்ட ஈடு உங்க உரிமைண்ணே. அவர் தப்புப் பண்ணாரான்னு நாம நிரூபிக்க வேண்டியதில்ல. தினக்கூலின்னாலும் உண்டு. ரெண்டு வருசத்துக்குள்ள கேக்கணும், அவ்வளவுதான். சரி, அடுக்கு எவ்வளவு உசரம்?"

"என் தலைக்கு மேல."

"மேல இருந்த பாரு என்னாச்சு?"

அப்போதுதான் என் மரமண்டையில் வெளிச்சம் விழுந்தது. என் காலை உடைத்தவன் ஐஸ்! அன்று சாயங்காலத்துக்குள் தண்ணீராகி, வாய்க்கால் வழியாகக் கடலுக்குத் தப்பி ஓடிவிட்டான். நானோ அவனுக்காகக் கிடா வெட்டியிருக்கிறேன்.

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். வக்கீலம்மா மட்டும் விடவில்லை. "பாரு விழுந்தது உள்ள. நீங்க கெடந்தது வெளிய. இழுத்துப் போட்டது யாரு? அவருதான் நமக்குச் சாட்சி."

நான் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். என் அக்குளில் இரண்டு கைகள் நுழைந்து இழுத்தது நினைவிருக்கிறது. முகம் பார்க்கவில்லை. அந்த அறையில் ஐஸைவிடச் சில்லென்று இருந்தவை அந்தக் கைகள்தான்.

முனியசாமி மச்சான் போய் எட்டுப் பேரையும் தனித்தனியாக விசாரித்தார். ஒருவரும் இழுக்கவில்லை. எல்லாரும் துறையிலிருந்து ஒன்றாகத் திரும்பியிருக்கிறார்கள். வந்தபோது நான் வெளியே கிடந்தேன். அறைக் கதவு வெளிப்பக்கம் கொண்டி போட்டிருந்தது.

இதைக் கேட்டு வக்கீலம்மா பேனாவை மூடினார். "இத மனுவுல எழுத வேண்டாம்ணே" என்றார்.

சாட்சி இல்லை. முதலாளியோ, இந்த ஆள் எங்கள் கம்பெனியில் வேலையே பார்க்கவில்லை என்று பதில் எழுதிவிட்டார். தினக்கூலிக்கு ரிஜிஸ்டர் ஏது? ஆறு மாதம் வீட்டில் உலை கொதிக்குமா, கொதிக்காதா என்பது அந்த ஒரு வரியில் தொங்கியது.

"கம்பெனி குடுத்த பேப்பர் ஒண்ணுகூடவா இல்ல?" என்றார் வக்கீலம்மா.

"இருக்கு" என்றாள் செல்வி. "எங்ககிட்ட இல்ல. ஆத்தாகிட்ட இருக்கு."

உச்சி வெயிலில் கோயிலுக்குப் போனோம். "ஆத்தா, கோவிச்சுக்கிடாத. ஆபீசருக்குக் காட்டிட்டுக் கொண்டாந்து கட்டிர்றேன்" என்று சொல்லி அவள் முடிச்சை அவிழ்த்தாள். இலைகூட அசையவில்லை. சூலத்தில் மிச்சமிருந்த சீட்டுகள் மட்டும் படபடவென்று ஆடின. எனக்கு ஓட வேண்டும் போலிருந்தது. கட்டையோடு எங்கே ஓடுவது?

மதுரையில் தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை. குங்குமமும் எலுமிச்சைக் கறையுமான அந்தத் தாளை அவர் இரண்டு விரலால் பிடித்து, தேதியிலிருந்து சீல் வரைக்கும் உரக்கப் படித்தார். தன் வக்கீல் தடுப்பதற்குள் முதலாளி எழுந்துவிட்டார்.

"அய்யா, அது பேய்க்காக எழுதுனதுங்க."

"பேய் உங்க கம்பெனியில வேல பாக்குதா?"

"இல்லீங்க."

"இவரு?"

"இவருதாங்க பாத்தாரு..."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. கடைசி வரியில் 'கம்பெனி பொறுப்பல்ல' என்று இருக்கிறதே என்று அவர் வக்கீல் எழுந்தார். கூலியாளின் உரிமையைப் பறிக்க எழுதி வாங்கும் வரி எதுவும் செல்லாது என்று எங்கள் வக்கீலம்மா உட்கார்ந்தபடியே சொன்னார். நஷ்ட ஈடு கிடைத்தது. கால் விரலளவு குட்டை, மற்றபடி குறையில்லை. அசல் தாள் பைலிலேயே தங்கிவிட்டதால் ஆத்தாவுக்கு ஜெராக்ஸைத்தான் கட்டினோம்.

இன்றும் எங்கள் வீட்டில் யார் தடுக்கி விழுந்தாலும், "வேல நேரமா, வெளி நேரமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தூக்குவார்கள். அதைவிடப் பெரிய சிரிப்பு ஒன்று உண்டு. பஸ் அந்த ஐஸ் கம்பெனியைத் தாண்டும்போதெல்லாம் என் கைகள் தாமாகக் கும்பிடும். "பாருங்கடி, உங்கப்பாவுக்கு இன்னும் முதலாளி மேல பயம் போகல!" என்பாள் செல்வி. பிள்ளைகள் பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். கும்பிடு முதலாளிக்கு இல்லை என்று இதுவரை நான் சொன்னதில்லை.

அடிபட்டால் நடந்ததை அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும் என்று வக்கீலம்மா படித்துப் படித்துச் சொன்னார். நான் எழுதி முடித்த நாள்: ஆவணி மாதம் நான்காம் தேதி, வியாழக்கிழமை. ஏழு வருடம் தாமதம்.