அலாரம் அக்காவும் எங்கள் வீட்டு சீலிங்கும்

யாருடைய வீட்டுக்குள் நுழைந்தாலும் முகத்தைப் பார்க்காமல் சீலிங்கைப் பார்த்து நலம் விசாரிக்கும் ஒரே பிறவி, எனக்குத் தெரிந்து அலாரம் அக்காதான். சேலையூரில் எங்கள் ஃப்ளாட்டுக்கு நேர் மேல் வீட்டில் தனியாக இருந்தார். நாம் தூங்கினால் மூக்கும் தூங்கிவிடும், காது மட்டும்தான் காவல் என்பது அவர் கட்சி. அதனால் எல்லார் வீட்டிலும் புகை அலாரம் இருந்தே ஆகவேண்டும்.

முதலில் தன் வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே மாட்டினார். கடுகு தாளித்தால் அலறியது. மிளகாய் வறுத்தால் கேம்ப் ரோடு வரை கேட்டது. ஒருநாள் நான் செருப்புகூடப் போடாமல் மாடிக்கு ஓடினேன். படிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"இன்னாத்துக்கு சார் ஓடுறீங்க. யக்கா தோச சுட்டுகினு கீறாங்க."

பூஜை அறைப் பக்கம் மாற்றினார், சாம்பிராணிக்கு அலறியது. குளியலறைக் கதவருகே வெந்நீர் ஆவிக்கு அலறியது. ஃபேனுக்குப் பக்கத்தில் மாட்டியபோது ஊதுபத்தியைக் காட்டிக் கெஞ்சினாலும் வாயைத் திறக்கவில்லை. காற்று புகையை விரட்டிவிட்டது. இவ்வளவு பட்ட பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். படுக்கையறையில் ஒன்று, அதற்கு வெளியே ஹாலில் ஒன்று. அடுப்பை விட்டுத் தள்ளி, சீலிங்கில்.

அப்புறம் வீடு வீடாகக் கிளம்பினார். எங்கள் வீட்டுக்கு வந்தவர், மாமியாரின் அறையில் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"என்னம்மா, மயக்கமா?" என்று மாமியார் பதறினார்.

"இல்லம்மா. படுத்துப் பார்த்தாத்தான் எங்க மாட்டணும்னு தெரியும்."

"அக்கா, இதெல்லாம் மர வீட்டுக்கு. நம்மளது கான்கிரீட்" என்றேன்.

"கான்கிரீட் எரியாது தம்பி, மெத்தை எரியும். அம்மாவுக்கு முட்டி வலி, ஓட முடியாது. அவங்களுக்கு முன்னாடியே தெரியணும்."

அவரே ஸ்டூலில் ஏறி அறையில் ஒன்று, ஹாலில் ஒன்று என இரண்டையும் மாட்டினார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டது மட்டும் என் பங்கு.

ஒரு சித்திரை மாத மதியம். நானும் மனைவியும் ஆபீசில் இருந்தோம். மாமியார் ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டார். ஹாலில் இருந்த இன்வெர்ட்டர் புகைந்து, சோபாவில் தீப்பிடித்தது. ஹால் அலாரம் அலறியது. எங்கள் வீட்டில் மதியத்தில் தோசை சுடுவதில்லை என்று வாட்ச்மேனுக்குத் தெரியும். மேலேயிருந்து அக்கா ஓடிவர, அன்று அவரும் ஓடினார். அக்காவிடம் எங்கள் மாற்றுச் சாவி இருந்தது. கதவைத் திறந்து, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போய், சத்தத்தில் எழுந்து உட்கார்ந்திருந்த மாமியாரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார். வாட்ச்மேன் மெயினை அணைத்துவிட்டு, படிக்கட்டில் இருந்த தீயணைப்பானால் நெருப்பை அடக்கினார்.

நான் வந்தபோது ஹால் கரிபிடித்துக் கிடந்தது. மாமியார் மாடிப்படியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அக்கா என்னைப் பார்த்து, "சோபாவைத்தான் காப்பாத்த முடியல தம்பி" என்று வருத்தப்பட்டார்.

இப்போது அக்கா பள்ளிக்கரணையில் மகளோடு இருக்கிறார். யாருக்கும் தானாகப் போன் போடாத என் மாமியார், சாயங்காலமானால் அவரைக் கூப்பிடுகிறார்.

"தினமும் அப்படி என்னதான் பேசுவீங்க அத்தை?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டாளான்னு கேப்பேன்."

அந்த நேரத்துக்கு எனக்கும் மாமியார் அறையில் ஏதாவது வேலை வந்துவிடும். பேசி முடித்ததும் போனை என் பக்கம் நீட்டுவார்.