மாதா பீடத்துக்கு ஒரு நீலப் பூ

சூலூர்,
செப்டம்பர் 3

அன்புள்ள மச்சான் ஜெரால்டுக்கு, ஞானமுத்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் உங்கள் அக்கா சூசைமேரியும் சுகம். தக்காளி நாற்றுகளைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை.

குன்னூரிலிருந்து நீங்கள் கொடுத்தனுப்பிய ஹைட்ராஞ்சியா தொட்டிச் செடி ரோஸ் நிறத்தில் பூப்பது. அமில உரம் வைத்தால் நீலமாகும் என்று நீங்கள் போனில் சொன்னதை நம்பி, மாதா திருவிழாவுக்குப் பீடத்தில் வைக்க நீலப் பூ என் பொறுப்பு என்று பங்குச் சாமியாரிடமே வாக்குக் கொடுத்துவிட்டேன். உடனே போய் அம்மோனியம் சல்பேட் வாங்கி வந்தேன். அங்கேதான் வினை. நம்ம பக்கம் பந்தியில் ஒரு இலைக்குப் பரிமாறிவிட்டு அடுத்த இலையைத் தாண்டிப் போகிற வழக்கம் உண்டுங்களா? தக்காளி நாற்றும் கத்திரி நாற்றும் வரிசையாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறதுகள். மனசு கேட்காமல் அதுகளுக்கும் ஒரு கை போட்டேன். ஒரு தடவையோடு நிறுத்தினால் மரியாதை இல்லையே என்று மறுநாளும் போட்டேன். நாற்றெல்லாம் நுனி கருகித் தலை சாய்ஞ்சுபோச்சுங்க. உங்கள் அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது விருந்துங்களா, அடக்கமுங்களா?" என்றாள்.

ஹைட்ராஞ்சியா மொட்டோ அப்போதும் ரோஸ்தான். சாமியார் எதிரே வந்தால் நான் சந்துக்குள் திரும்பிக்கொள்வேன். மச்சான், இன்று காலை எழுந்து பார்க்கிறேன், பூ நீலம்! சந்தோஷம் தாங்கவில்லை. எதிர்வீட்டு ரங்கராஜைக் கூப்பிட்டு மண்ணின் புளிப்பைப் பற்றி அவர் காபி ஆறும்வரை விளக்கினேன்.

திருவிழாவுக்குக் கரோலினையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவசியம் வாருங்கள். எல்லோருக்கும் எங்கள் ஆசீர். மாதா உங்களைக் காப்பாராக.

அன்புடன்,
ஞானமுத்து

பி.கு.: எழுதி முடித்து மொட்டைமாடிக்குப் போனேனுங்க. தண்ணித் தொட்டிக்குப் பின்னால நம்ம செடி ரோஸ் பூவோட நிக்குது! நம்ம போர் தண்ணி உப்புக்கு உரம் எடுபடலை போல. கீழே நீலமாப் பூத்தது உங்க அக்கா நர்சரியில வாங்கி மாத்தி வெச்சது. மூட்டு வலியோட நம்ம பூந்தொட்டிய எப்படித்தான் மாடி ஏத்துனாளோ. கேட்டா, "ஊரு முன்னாடி நீங்க தலை குனியறத நான் பாக்கோணுமாக்கும்?"ங்கறா. எனக்குக் கண்ணு நெறஞ்சுபோச்சு. திருவிழாப் பூசையில எந்திரிச்சு உண்மையச் சொல்லிப்போடறேன்னேன். அதுக்கு அவ சொன்னா: "கோயில்ல பொய் சொல்றதுதானுங்க பாவம். வாயத் தொறக்காம உக்காந்திருந்தா அது செபமுங்க."