கொம்பு வைத்த கொசுவும் நாரை அதிகாரியும்

ஒரு காட்டில், அதாவது பாதி மரமும் பாதி சேறுமாகக் கிடந்த ஓர் அலையாத்திக் காட்டில், நாரை ஒன்று அதிகாரியாக இருந்தது. ஆராய்ச்சிக்கு வந்த யாரோ தவறவிட்ட பூதக்கண்ணாடி அதன் காலில் தட்டுப்பட்டதுதான் அதற்கு இருந்த ஒரே தகுதி.

அந்தக் காட்டின் ராஜா ஒரு நீர்நாய். நண்டுகளை நாரை தொடக் கூடாது, இன்னதென்று தெரியாத பூச்சிபொட்டுகளைத் தாராளமாகத் தின்னலாம் என்று அது சட்டம் போட்டிருந்தது. எது நண்டு என்று தீர்மானிக்கும் பொறுப்பையும் நாரையிடமே கொடுத்திருந்தது. ராஜாக்கள் அப்படித்தான்.

பவளக்கொடி என்ற நண்டு, சிரட்டைத் தண்ணீரில் தன் குஞ்சை எடுத்துக்கொண்டு, அது நண்டுதான் என்று நாரையிடம் பதிவு செய்ய வரிசையில் வந்து நின்றது. லட்சம் பெற்றதில் அது ஒன்றுதான் மிச்சம்.

நாரை கண்ணாடியை வைத்துப் பார்த்தது. உச்சந்தலையில் ஒரு முள், மூக்கில் ஒரு முள், உடம்பில் பாதி கண். கொடுக்கைக் காணோம்.

“இதுவா நண்டு? கொசுவுக்குக் கொம்பு முளைச்ச மாதிரி இருக்கு!”

“எங்க குலத்துல எல்லாருமே சின்ன வயசுல இப்படித்தாங்க ஐயா.”

“பெத்தவ பேச்செல்லாம் அடையாளம் ஆகாது. இது சந்தேகத்துக்குரியது. என் வயித்துல பத்திரமா இருக்கட்டும்.”

பவளக்கொடி சிரட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஆனாலும் பணிவாகச் சொன்னது: “தின்னுங்க ஐயா. ஆனா குஞ்சு எந்த இனம்னு வால் மயிரை எண்ணித்தானே சொல்லுவாங்க, எண்ணாமலா முடிவு பண்றது? நாளைக்கு உங்க பேரு கெட்டுடக் கூடாது பாருங்க.”

நாரைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உட்கார்ந்து எண்ணியது. எண்ணி முடிக்கப்போகும் நேரத்தில் குஞ்சு சட்டையை உரித்துப் போட்டது. புதுச் சட்டையில் மயிர் கூடியிருந்தது.

“விதிப்படி மறுபடியும் முதல்லேருந்து எண்ணணும்” என்றது நாரை.

“அதானே முறை” என்றது பவளக்கொடி.

குஞ்சு உரிக்க, நாரை எண்ண, இப்படியே போனது. எழுந்தால் எண்ணிக்கை விட்டுப்போகும் என்று நாரை சாப்பிடவே போகவில்லை. வரிசையில் பின்னால் நின்ற குஞ்சுகள் நின்றபடியே வளர்ந்து, பக்கத்தில் நின்றதையே கல்யாணம் செய்துகொண்டு கிளம்பிவிட்டன.

கடைசியில் ஒருநாள் பவளக்கொடியின் குஞ்சுக்கு முள்ளெல்லாம் போய்க் கொடுக்கு முளைத்தது. பசியில் கண் இருண்டுபோன நாரை அலகைக் கிட்டே கொண்டுபோய், “இது என்ன புதுசா...” என்றது. குஞ்சு அலகைக் கவ்விக்கொண்டது.

“நண்டு! சத்தியமா நண்டு! விடச் சொல்லும்மா!”

பவளக்கொடிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எந்த வகை நண்டுன்னு பாக்க வேணாமா ஐயா? காலு மயிரை இன்னும் எண்ணலையே” என்று கேட்டது.

நாரை கண்ணாடியைப் போட்டுவிட்டுப் பறந்தே போனது.

நீதி: உங்களைத் தின்ன யாராவது வந்தால் ஓடாதீர்கள், முறைப்படி வகைப்படுத்திவிட்டுத் தின்னச் சொல்லுங்கள்.