உப்பில்லாத மாப்பிள்ளை

படிப்புக்கும் பயத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆதாரம் வேண்டுபவர்கள் என்னை நேரில் வந்து பார்க்கலாம். விலங்கியலில் முதுகலைப் பட்டம், அதிலும் முதல் வகுப்பு. தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர். மனித இனப்பெருக்க மண்டலத்தைக் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் வரைந்து, பாகம் குறித்து, விந்து எப்படி ஊறுகிறது, எப்படி வெளியேறுகிறது, வெளியேறாவிட்டால் உடம்பே அதை எப்படிக் கரைத்துக்கொள்கிறது என்றெல்லாம் தொண்டை வறள விளக்கியவன். அப்படிப்பட்ட நான்தான் ஒரு சாயங்காலம், புரட்டாசி வெக்கையில், தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து லாட்ஜ் ஒன்றின் மாடிப்படியில் திருடனைப் போல ஏறினேன்.

காரணம், சுயஇன்பம். (இன்று வாரப் பத்திரிகைகளின் கேள்வி பதில் பகுதியில் சர்வசாதாரணமாக அச்சடிக்கிறார்கள். அன்று அந்தச் சொல்லை வாயால் சொல்ல ஆளில்லை. சுவர் விளம்பரங்களில் 'கைப்பழக்கம்' என்று இருக்கும். அதைக்கூட நாங்கள் ஓரக்கண்ணால்தான் படிப்போம்.) கல்யாணமாகாமல், ஒற்றை அறையும் மெஸ் சாப்பாடுமாக இருந்த இருபத்தாறு வயது ஆண்பிள்ளையான எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. அதனால் ஒரு தலைவலிகூட வந்ததில்லை. கல்யாணம் நிச்சயமானதும்தான் வந்தது வினை.

பெண் கல்லிடைக்குறிச்சி. பெயர் கோமதி. பெண் பார்க்கப் போனபோது நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததைக் கவனித்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குள் ஓடிப்போனாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. தை மாதம் முகூர்த்தம் என்று முடிவானது. மறுநாள் காலை கல்லூரிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வருஷக்கணக்காகத் தாண்டிப்போன அதே சுவர் விளம்பரத்தை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். கைப்பழக்கத்தால் வாழ்வை இழந்தவரா? கண்கள் குழி விழுதல், கன்னம் ஒட்டுதல், கை நடுக்கம், ஞாபக மறதி, முடி உதிர்தல், இல்லற வாழ்வுக்குத் தகுதியின்மை.

எனக்குப் பகீரென்றது. கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் எனக்கு இருந்தது! (தனியார் கல்லூரி விரிவுரையாளர்கள் எல்லோருக்குமே இருந்தது. அது நிர்வாகம் கொடுத்த சம்பளத்தால் வந்தது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.) கடைசி ஒன்று இருக்கிறதா இல்லையா என்பது கல்யாணத்துக்குப் பிறகுதானே தெரியும்? தெரிந்த பிறகு கோமதியின் முகத்தில் எப்படி விழிப்பது? அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. தூக்கம் போனதால் கண் இன்னும் குழி விழுந்தது. கண் குழி விழுந்ததைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சாப்பாடு இறங்கவில்லை. விளம்பரம் சொன்னபடியே எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

அப்படித்தான் லாட்ஜுக்குப் போனேன். மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கி வைத்தியம் பார்க்கும் ஆசாமி அவர். வராந்தா பெஞ்சில் ஆண்களாக உட்கார்ந்திருந்தோம். எல்லோர் முகத்தையும் தினசரி மறைத்திருந்தது. ஒருவர் தலைகீழாகவே பிடித்திருந்தார். அன்று எங்கள் எல்லோருக்கும் நாட்டு நடப்பில் அப்படி ஓர் அக்கறை.

உள்ளே போனதும், ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்தைச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல வைத்தியரே. என் நண்பர் ஒருத்தருக்குக் கொஞ்சம் பிரச்சினை. அவர் வரக் கூச்சப்படுதாரு, அதான் நான் வந்தேன்."

வைத்தியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க நண்பரோட நாக்கை நீட்டுங்க" என்றார்.

நீட்டினேன். நாடி பிடித்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "நாடி படுத்துக் கிடக்குதே தம்பி. கோட்டை இடிஞ்சு போச்சு, செவரு மட்டும் நிக்குது. ஒரு சொட்டுன்னா எத்தனை சொட்டு ரத்தம்னு தெரியுமா?" என்று கேட்டு ஒரு கணக்கும் சொன்னார். ரத்தத்தில் எது எங்கே உற்பத்தியாகிறது என்று அன்று காலைதான் வகுப்பெடுத்திருந்தேன். வைத்தியர் கணக்குப்படி நான் என்றைக்கோ ரத்தமே இல்லாமல் செத்திருக்க வேண்டும். அப்போதுகூட 'அப்படியானால் நான் எப்படி உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன்' என்று எனக்குத் தோன்றவில்லை. 'நாம் எவ்வளவு அதிர்ஷ்டசாலி' என்றுதான் தோன்றியது.

ஒரு தகர டப்பா லேகியம் கொடுத்தார். பத்தியம் ஒரு மண்டலம். உப்பு ஆகாது, புளி ஆகாது, காரம் ஆகாது. "ஒரு கல்லு உப்பு நாக்குல பட்டுச்சுன்னா மருந்து வெஷமாயிரும், பாத்துக்கிடுங்க" என்றார். நான் மெஸ்ஸில் வெறும் சோற்றில் பாலை ஊற்றிச் சாப்பிட ஆரம்பித்தேன். சீக்கிரமே பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. கை நிஜமாகவே நடுங்கியது. சாக்பீஸ் படங்கள் கோணலாயின.

இந்த நிலைமையில், ஐப்பசி பிறந்ததும் கல்லிடைக்குறிச்சியிலிருந்து தகவல் வந்தது. மாப்பிள்ளை மோதிரத்துக்கு அளவு கொடுக்க வரவேண்டும், மத்தியானச் சாப்பாடு அங்கேதான். என் பெற்றோர் திசையன்விளையில் இருந்ததால் நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன்.

இலை போட்டார்கள். என் மாமனாருக்கு அப்பள வியாபாரம். வீட்டுக்குள் நுழைந்தாலே உளுந்து மாவு மணக்கும். அது மட்டுமல்ல, அன்றைக்குச் சொதி வைத்திருந்தார்கள். சொதி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: தேங்காய்ப்பாலில் காய்களைப் போட்டு, எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கென்றே வைக்கிற குழம்பு. கல்யாணத்துக்கு மறுநாள் வைப்பதுதான் முறை. என் மேல் உள்ள பிரியத்தில் மாமியார் முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். கூடவே இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல், கூடை நிறையப் பொரித்த அப்பளம். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் கோமதியின் சேலை ஓரம் தெரிந்தது.

"அத்தை, எனக்குச் சொதி வேண்டாம். சோத்துல பால் மட்டும் ஊத்துங்க, போதும்" என்றேன்.

மாமியாரின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "சொதி வேண்டாமா?"

"வேண்டாம் அத்தை."

"அப்பளமாவது வச்சுக்கிடுங்க மாப்ளே. மாமா உங்களுக்குன்னு பார்த்துப் பார்த்து எடுத்துட்டு வந்தாவ."

"அதுல உப்பு இருக்குமே அத்தை" என்றேன் நான், அறிவுக்கொழுந்து.

அப்பளக்காரர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அப்பளத்தில் உப்பு இருக்கிறது என்று குறை சொன்ன மாப்பிள்ளை அந்த ஊர்ச் சரித்திரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மாமனார் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கிசுகிசுப்பு ஆரம்பித்தது. கோமதியின் சித்தி குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "எங்க வீட்டு அத்தானுக்குக் கிட்னி போனப்பவும் இப்படித்தான் உப்பை நிறுத்துனாவ. சீக்காளிக்குல்லா பொண்ணைக் கொடுக்கப் போறோம்."

பால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் ஒருபக்கம். நின்றால் என் குட்டு வெளிப்படாமலே போகும் என்ற அற்ப நிம்மதி மறுபக்கம். அந்த நிம்மதியை நினைத்து எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

கை கழுவியதும் மாமியார் மாமனாரைத் தனியே இழுத்துப் போனார்கள். திரும்பி வந்த மாமனார் பைய என் தோளில் கை வைத்து, "மாப்ளே, தப்பா எடுத்துக்கிடாதேயும். நம்ம மூத்தவ பாளையங்கோட்டையில டாக்டரா இருக்காள்லா, அவகிட்ட ஒருவாட்டி காமிச்சிருவோம். உங்க அத்தை ஒத்தக்கால்ல நிக்கா" என்றார்.

மூத்தவள் என்றால் கோமதியின் அக்கா. எனக்கு மதினி முறை. நான் யாரிடம் சொல்லக்கூடாதோ அந்த வரிசையில் முதலாவதாக நிற்கவேண்டியவர்.

இரண்டொரு நாளில் அவருடைய கிளினிக்கில் ஆஜரானேன். மாமனாரும் மாமியாரும் வெளியே பெஞ்சில். மதினி ரத்தம் எடுத்தார், சிறுநீர் பார்த்தார், பிரஷர் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கிட்னியில ஒரு குத்தமும் இல்ல. பிரஷர்தான் ரொம்பக் கம்மியா இருக்கு. எதுக்கு உப்பு சேக்க மாட்டேங்கிய?"

"அது வந்து மதினி, என் நண்பர் ஒருத்தருக்கு..."

"அந்த நண்பர் உப்பு சாப்பிடலைன்னா உங்களுக்கு ஏன் கை நடுங்குது?"

அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். சுவர் விளம்பரம், லாட்ஜ், ஒரு சொட்டுக்கு எத்தனை சொட்டு, லேகியம் எல்லாம் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கோமதிக்குத் துரோகம் செய்ய விருப்பமில்லை, கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று சொல்லும்போது அழுதேவிட்டேன். எம்.எஸ்சி. முதல் வகுப்பு.

மதினி சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. (உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.)

"நல்லாக் கேட்டுக்கிடுங்க. அதனால கண்ணு குழி விழாது, கை நடுங்காது, ரத்தம் வத்தாது. கல்யாணத்துக்கும் பிள்ளை பெறுததுக்கும் ஒரு தடையும் கிடையாது. வேலை வெட்டியை விட்டுட்டு அதே கதின்னு ஒருத்தர் கெடந்தா, அப்ப டாக்டரைப் பார்த்துப் பேசணும். நீங்க அப்படி இல்ல. உங்களுக்கு வந்திருக்கது பயம். பயந்துபோயி தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல, மனசும் ஒரு நிலையில இல்ல. இந்தப் பழக்கத்தால ஒருத்தனும் கெட்டுப்போனதை நான் பார்க்கல. அது பாவம், அது சீக்குன்னு பயந்து பாதி உசுராகி வந்தவங்களை நெறையப் பார்த்திருக்கேன்."

நான் பிள்ளைகளுக்கு நடத்திய பாடத்தில் இருந்ததைத்தான் சொன்னார். ஆனாலும் இன்னொருவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போதுதான் அது எனக்குள் இறங்கியது. இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப்போனது. மூச்சு நன்றாக வந்தது. உடனே பசித்தது.

"சரி மதினி, வெளிய என்ன சொல்லுவிய?" என்றேன்.

"அதை நான் பார்த்துக்கிடுதேன். நீங்க மொதல்ல உப்புப் போட்டுச் சாப்பிடுங்க" என்று கதவைத் திறந்தார்.

மாமியார் எழுந்து நின்றார்கள். மதினி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "ஒண்ணுமில்லம்மா. மாப்பிள்ளை திருச்செந்தூருக்கு நேந்திருக்காரு. கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு உப்பில்லா விரதம். வெளிய சொன்னா பலிக்காதுன்னு வாயைத் தொறக்கல."

"சஷ்டிக்கு இன்னும் நாள் கெடக்கேம்மா?"

"முன்னாலேயே தொடங்கிட்டாரு. அவ்வளவு பக்தி."

மாமியார் கண் கலங்கிவிட்டார்கள். 'கிட்னி' சித்தியை அங்கேயே வைதார்கள். மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் இளவயதிலிருந்தே வருஷம் தவறாமல் சஷ்டி விரதம் இருப்பவராம். "இந்த வருஷம் சேந்தே இருப்போம் மாப்ளே. திருச்செந்தூருக்கும் சேந்தே போவோம்" என்றார். உப்பு சாப்பிட எனக்கு அனுமதி கிடைத்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

கல்யாணம் நடந்தது. சொதியும் சாப்பிட்டேன், மூன்று முறை கேட்டு வாங்கி. இல்லற வாழ்வுக்குத் தகுதியின்மை பற்றிய செய்தி பொய் என்பதற்கு எங்கள் வீட்டில் இரண்டு சாட்சிகள் இன்று வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கோமதிக்கு மதினி அன்றைக்கே எல்லாம் சொல்லிவிட்டார் என்பதும், அவள் அதைக் கேட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள் என்பதும் பிற்பாடு தெரிந்தது. ஆனால் விரதம்? அது நிற்கவில்லை. பக்திமான் மாப்பிள்ளை என்று பெயர் வாங்கிவிட்டேனே. ஒவ்வொரு ஐப்பசியும் மாமனாரும் நானும் உப்பில்லாச் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு உட்காருவோம்.

பல வருஷம் கழித்து ஒரு சஷ்டி. சூரசம்ஹாரம் பார்த்துவிட்டுத் திருச்செந்தூர் கடற்கரை மணலில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம். மாமனார் கடலைப் பார்த்தபடி கேட்டார்:

"மாப்ளே, அந்த லேகியம் இனிச்சுச்சா, கசந்துச்சா?"

மணலைத் தட்டிக்கொண்டு எழப் பார்த்தேன். "எந்த லேகியம் மாமா?"

"சும்மா சொல்லும் வே."

"இனிச்சுது மாமா."

"எங்க காலத்துல கசக்கும்" என்றார். "நானும் கல்யாணத்துக்கு முன்னால ஒரு லாட்ஜுக்குப் போனேன். பொண்ணு வீட்டு இலையில உப்பு வேண்டாம்னு சொல்லி மாட்டிக்கிட்டேன். முருகனுக்கு நேந்திருக்கேன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அன்னைக்குப் பிடிச்ச விரதம், இன்னும் விடமுடியல. நீரு சொதி வேண்டாம்னு சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வெளி டாக்டர்கிட்ட போனா அசிங்கமாயிரும்னுதான் மூத்தவகிட்ட அனுப்புனேன்."

"தெரிஞ்சுமா மாமா இத்தனை வருஷம் என்னையும் பட்டினி போட்டிய?"

"ஒத்தையில எத்தனை வருஷம்தான் வே இருக்கது? தொணைக்கு ஒரு ஆள் வேண்டாமா?"

இரண்டு பேரும் மணலில் புரண்டு சிரித்தோம். சுற்றி இருந்தவர்கள் விரத மயக்கம் என்று நினைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தார்கள். அத்தையிடம் சொல்லக்கூடாது என்று மாமனார் சத்தியம் வாங்கினார். நான் கோமதியிடம் மட்டும் சொன்னேன். அவள் அதை ராத்தங்க விடாமல் அத்தையிடம் சொல்லிவிட்டாள். அத்தை அசையாமல் கேட்டுவிட்டு, மாமனாரிடம் திரும்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "எந்த லாட்ஜு?"

அன்றோடு எங்கள் இருவர் விரதமும் முடிந்தது. ஆனால் அந்தக் கேள்வி முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் எந்த ஆண்பிள்ளையாவது 'உப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போடு' என்று சொல்லிவிட்டால் போதும், அடுக்களையிலிருந்து அது வந்துவிடும். போன மாதம் எனக்கு ரத்தக் கொதிப்பு என்று கண்டுபிடித்து, இனி உப்பே கூடாது என்று மருந்துச்சீட்டில் அடிக்கோடிட்டு எழுதிய டாக்டர் மதினியே, சீட்டை நீட்டும்போது கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக் கேட்டார்:

"எந்த லாட்ஜுன்னு யாராவது கேட்டா, என் கிளினிக் பேரைச் சொல்லிருவியளா?"