வளையலில் எட்டாவது கல்

வெடிக்கப் போகிறது என்று தெரிந்த பிறகும் ஓடாமல், இன்னும் வெடிக்கவில்லையே என்று ஏங்குகிற மனிதர்கள் உலகத்தில் ஒரே ஒரு வகைதான். நட்சத்திரக் காவலர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது, காவலுக்கு யாரும் அவர்களை வைக்கவும் இல்லை. ஆனாலும் பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடிக்கு ஏறி, கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்சத்திரம் இன்றைக்கும் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, பரம திருப்தியோடு இறங்கி வருவார்கள்.

பல் டாக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் காவல் காக்கும் நட்சத்திரம் ஒரு மனித ஆயுளுக்கு ஒரு தடவை திடீரென்று வெடித்துப் பளிச்சிடும், சில நாள் வெறும் கண்ணுக்கே தெரியும், அப்புறம் பழையபடி மங்கிப்போகும். அதை முதலில் பார்த்துச் சொல்பவர் பெயர் உலகப் பதிவேட்டில் ஏறும். அந்தப் பெயர் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் டாக்டரின் ஒரே ஆசை. இதை அவர் தம்முடைய எல்லா நோயாளிகளிடமும் விளக்கியிருக்கிறார். வாயை ஆவென்று திறந்து வைத்திருப்பவரைவிடப் பொறுமையாகக் கேட்பவர் யார் கிடைப்பார்?

ஒரு நட்சத்திரத்தின் ஒளியைப் பக்கத்தில் இருக்கும் இரண்டோடு ஒப்பிட்டுத்தான் அளப்பார்கள். பழக்க தோஷம், மனைவியின் கோபத்தையும் அவர் அப்படியே அளந்தார்: நேற்றைவிடக் கூட, போன செவ்வாய்க்கிழமையைவிடக் கம்மி. மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அரை வளையல் மாதிரி வளைந்து நிற்கும் ஏழு நட்சத்திரங்களைக் காட்டி, வெடித்தால் இதன் பக்கத்தில்தான் தெரியும் என்று அவரிடம் டாக்டர் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

காவலர்களுக்குக் கைபேசியில் ஒரு குழு உண்டு. தினமும் அதில் அறிக்கை போட வேண்டும். "வானம் தெளிவு. நாற்பது நிமிடம் உற்றுநோக்கினேன். மாற்றமில்லை." முதல் நூறு நாள் டாக்டர் சத்தியமாக நாற்பது நிமிடம் நின்றார். அப்புறம் இருபது. அப்புறம் மாடிப்படி வரை போனார். அப்புறம் ஜன்னல். அப்புறம் முழங்கால் வலி. இதற்கிடையில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் தினமும் இவருக்கு ஒரு நிமிடம் முன்னால் அறிக்கை போட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்பினார். விடுவாரா டாக்டர்? ஏழரையை ஏழேகால் ஆக்கினார். அவர் ஏழு ஆக்கினார். இப்படியே இருவரும் முந்தி முந்தி, கடைசியில் சூரியன் இருக்கும்போதே நட்சத்திரத்தில் மாற்றமில்லை என்று அறிக்கை வர ஆரம்பித்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்களும் மாடி ஏறாமல் நாற்காலியில்தான் இருந்தார்கள்.

அன்றைக்கு டாக்டர் ஆறே முக்காலுக்கு அறிக்கை போட்டுவிட்டு, வெடிப்பைத் தவறவிடாமல் இருக்கப் பத்து வழிகள் என்று குழுவுக்காக ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தார். ஏழாவது வழியில் இருந்தபோது, காய்ந்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு டீச்சர் மாடிப்படியில் பாதி இறங்கி நின்றார்.

"ஏங்க, உங்க வளையல்ல எத்தனை கல்லு?"

"ஏழு. எத்தனை தடவ சொல்றது?"

"எனக்கு எட்டு வருது."

இருபத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் எட்டு என்றால் எட்டுதான். டாக்டர் ஒற்றைச் செருப்போடு ஓடினார். முழங்கால் வலி எங்கே போனதோ தெரியாது. அங்கே இருந்தது, வளையலுக்குச் சற்று வெளியே, கூச்சமே இல்லாமல் மின்னிக்கொண்டு. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. குழந்தை மாதிரிச் சிரித்தார், டீச்சரைத் துணிமூட்டையோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினார், கைபேசியை எடுத்தார், 'வெடி' என்று இரண்டெழுத்து அடித்தார். விரல் நின்றுவிட்டது.

"போடுங்களேன். இன்னும் யாரும் போடல."

"நான் பாத்துட்டேன்னு அப்பவே போட்டுட்டேனே."

"என்ன பாத்தீங்க?"

"ஒண்ணுமில்லன்னு."

டீச்சர் சிரித்த சிரிப்பில் இரண்டு தலையணை உறைகள் கீழே விழுந்தன. திரையில், மருந்துக்கடைக்காரர் எழுதுகிறார் என்று வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது, மறைந்தது. பாவம், அவருடைய நாற்பது நிமிடம் ஆறு நாற்பத்து நான்குக்கே முடிந்திருந்தது. இன்னும் பத்து நொடி விட்டால் அவர் துணிந்துவிடுவார். டாக்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முதலில் பார்த்தது என் மனைவி, ஏழரைக்கு, நான் மாடியிலேயே இல்லை என்று அடித்து அனுப்பிவிட்டார்.

உலகப் பதிவேட்டில் இப்போது டீச்சரின் பெயர்தான் இருக்கிறது. எந்தக் கருவியால் பார்த்தீர்கள் என்ற கட்டத்தைக் காலியாக விட அவருக்கு மனம் வரவில்லை. துணிக்கொடி என்று எழுதினார்.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் சற்று முன் சமையலறை அடுப்பை அணைத்தாயிற்றா என்று உள்ளேயிருந்து யாரோ கேட்டபோது, இந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஆச்சு என்று சொன்னது நீங்கள்தானே? எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.